செம்பருத்தி மரம் பூரா மாவுப்பூச்சி, சோப்புத் தண்ணி அடிச்சும் திரும்பத் திரும்ப வருது

மண்புழு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு செம்பருத்தி 6 வருஷத்துல ஆள் உயரத்தையும் தாண்டி மரமாவே நிக்குது, பூக்க ஆரம்பிச்சா இலையே தெரியாது, ஆனா ஒரு மாசமா கொழுந்து எல்லாம் சுருண்டு முடிச்சு முடிச்சா போயி மொட்டு விரியாமலே கொட்டுது. இலைய திருப்பினா பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி. கீழ் இலை மேல கரி பூசின மாதிரி கறுப்பு, தொட்டா பிசுபிசுங்குது. சோப்புத் தண்ணி 3 தடவை அடிச்சாச்சு, நாலு நாள்ல பழையபடி வந்துடுது. எறும்பு வேற சாரை சாரையா ஏறுது. வெட்டிடலாம்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு மனசே வரல.

தோட்டக்காரி:
வெட்டாதீங்க சகோ! முதல்ல எறும்பை நிறுத்துங்க. மாவுப்பூச்சி சாறு உறிஞ்சிட்டு இனிப்பா ஒரு கழிவு விடும், அதுக்காகவே எறும்பு அதுங்களுக்கு காவல் நிக்கும், தின்ன வர்ற பூச்சிய கிட்ட விடாது. அந்த கறுப்பும் இனிப்பு மேல வளர்ற பூசணம்தான், இலைக்குள்ள இறங்காது, ஈரத்துணியில துடைச்சா வந்துடும். தண்டுல டேப் சுத்தி அது மேல கிரீஸ் தடவுங்க, நேரா பட்டையில தடவிடாதீங்க. சுவத்தை தொடுற கிளைய கழிச்சு விடுங்க, இல்லன்னா எறும்பு அந்த வழியா ஏறிடும்.
சுருண்ட கொழுந்தை வெட்டி பையில போட்டு இறுக்கி கட்டுங்க, உரக்குழி பக்கம் போகவே கூடாது. பஞ்சுக்குள்ள இருக்குற முட்டைய சோப்புத் தண்ணி ஒண்ணும் பண்ணாது, அதான் திரும்ப வருது, அதனால பைப் தண்ணிய வேகமா பீச்சி பஞ்சை கலைச்சு விட்டுட்டு 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலக்குறதுக்கு கொஞ்சம் சோப்பு, வெயில் இறங்கினப்புறம் இலைக்கு அடியில படுற மாதிரி அடிங்க. வாரம் ஒரு தடவைன்னு ஒரு மாசம் விடாம.

இலைச்சருகு:
யூரியா எதும் போட்டீங்களா? தழைச்சத்து ஏறினா கொழுந்து மெத்துனு வரும், சாறு உறிஞ்சுற பூச்சிக்கு அதுதான் கொண்டாட்டம். பூக்குற மரத்துக்கு வேர்ல ஊத்துற மருந்து மட்டும் வேண்டாங்க, பூந்தேன் வரைக்கும் போயி தேனீயை கொன்னுடும்.

மண்புழு:
ஆமாங்க, பூ கொறையுதேன்னு ரெண்டு கை யூரியா போட்டேன், இனிமே தொடமாட்டேன். இன்னொரு டவுட்டு, மாவுப்பூச்சியிலயே சிலது மட்டும் பெருசா, உடம்பு பூரா வெள்ளை நூல் நூலா தொங்குது, தொட்டா விறுவிறுன்னு நகருது. தேடித் தேடி நசுக்கிட்டு இருக்கேன்.

தோட்டக்காரி:
ஐயோ நசுக்காதீங்க! அது பொறிவண்டு புழு, கிரிப்டோலேமஸ்னு சொல்லுவாங்க. பாக்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், ஆனா மாவுப்பூச்சியதான் தின்னும். வளர்ந்தா ஆரஞ்சு தலையோட சின்ன கருவண்டா மாறிடும். அது இருக்குற கிளையில வேப்பெண்ணெய் அடிக்காதீங்க, எறும்பு இல்லன்னா அதுவே பாத்துக்கும்.

மண்புழு:
10 நாள் கழிச்சு வர்றேன். டேப்புக்கு கீழ எறும்பு சுத்திட்டு திரும்பி போயிடுது. காலையில ஒரு கிளைய இழுத்து பாத்தேன், அந்த நூல் புழு ஒண்ணு பஞ்சுக்குள்ள தலைய விட்டு தின்னுட்டு இருக்கு, சுத்தி வெறும் காலி பஞ்சுதான் கெடக்கு. அந்தக் கிளைய மெதுவா விட்டுட்டேன். மேல 2 மொட்டு சுருளாம வந்திருக்கு அக்கா.