சேமித்த தக்காளி விதையில் ஒன்பது செடி, ஒன்பது விதம். எதில் விதை எடுப்பது?

மொட்டைமாடி மதுரை:
போன வருஷம் மாட்டுத்தாவணியில் வாங்கிய தக்காளியில் ஒரு பழம் மிகவும் பிடித்துப்போனது. நல்ல சிவப்பு, கெட்டித் தோல், ஒரு வாரம் வெளியிலேயே கிடந்தும் அழுகவில்லை. அதன் விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து இந்த முறை நட்டேன். ஒன்பது செடி வந்தது. ஒன்றுபோல ஒன்று இல்லை! ஒன்றில் காய் முட்டை வடிவம், இன்னொன்றில் தட்டையாக வரிவரியாக. இரண்டு செடி முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டன. ஏழு செடியில் காய்க்குக் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கிறது. மற்ற இரண்டில் காய் முழுக்க ஒரே வெளிர்பச்சை. அவைதான் சீராகச் சிவக்கின்றன. அந்த இரண்டில் விதை எடுக்கலாம் என்று இருந்தேன். அம்மாவோ கரும்பச்சைக் காம்புப் பழம்தான் ரசத்துக்கு ருசி என்கிறார். பக்கத்து மாடிகளில் தக்காளியே கிடையாது. பிறகு எப்படிக் கலந்தது?

செம்மண் தோட்டம்:
வெளியிலிருந்து எதுவும் கலந்திருக்க வேண்டியதில்லை. சந்தைக்கு வருவதில் பெரும்பாலும் ஹைப்ரிட்தான். அதன் விதையைப் போட்டால் இப்படித்தான் பிரியும்.

விதைக்குடுவை:
சகோதரி, அந்த இரண்டு செடியை முடிவு செய்ய அவசரப்படாதீர்கள். உங்கள் அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஹைப்ரிட் என்பது இரண்டு வெவ்வேறு ரகங்களின் பிள்ளை. அதில் மறைந்திருந்த குணங்கள் பேரப்பிள்ளைகளிடம் தனித்தனியாக வெளிப்படும். காம்புப் பக்கக் கரும்பச்சை ஓங்கு குணம், ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வெளியே தெரியும். ஒரே நிறம் ஒடுங்கு குணம், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் தெரியும். நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒடுங்கு குணம் தலைகாட்டும். ஒன்பதில் இரண்டு சரியாகத்தான் இருக்கிறது.

அந்த ஒரே நிறக் காயை ரகம் உருவாக்குபவர்கள் சுமார் 70 வருஷமாக விரும்பித் தேர்ந்தெடுத்து வந்தார்கள். எல்லாம் சீராகப் பழுக்கும், பறிக்கும் பருவம் கண்ணுக்குத் தெரியும். 2012இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு அதன் காரணத்தைக் காட்டியது: காயில் பச்சையத்தைப் பெருக்கும் ஒரு மரபணு அவற்றில் பழுதாகியிருக்கிறது. பச்சையம் இருந்தால் காயே வெயிலில் கொஞ்சம் சர்க்கரை தயாரித்துக்கொள்ளும். அழகைத் தேர்ந்தெடுத்தார்கள், கூடவே இனிப்பில் ஒரு பங்கு போய்விட்டது. ருசிக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் இதை நினைத்தால் எனக்கு மனசு வலிக்கும். அண்ணஞ்சி என்ற நாட்டுத் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம். 1 ரகத்தில் இன்றும் அந்தக் கரும்பச்சை உண்டு.

அப்புறம், காயை மட்டும் பார்த்து விதை எடுக்காதீர்கள், செடியைப் பாருங்கள். நான் நான்கு வருஷம் பெரிய காய்க்காகவே கத்திரி விதை எடுத்தேன். காய் பெருத்தது, செடிக்கு ஐந்தாறு காய்க்கு மேல் பிடிக்கவில்லை. திரும்பப் பழைய விதையிலிருந்து தொடங்கினேன்.

உங்களுடையது இரண்டாம் தலைமுறை. தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. அதனால் பிரியக்கூடிய குணங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். இப்போது 100க்கு 50 என்றால் ஆறாம் தலைமுறையில் 3தான். அதுவரை வருஷா வருஷம் பிடித்த செடியில் எடுங்கள், உங்கள் வீட்டு ரகமே வந்துவிடும்.

செம்மண் தோட்டம்:
கத்திரிக்கும் இதே மாதிரிதானே அக்கா?

விதைக்குடுவை:
பெரும்பாலும் அப்படித்தான் தம்பி, ஆனால் கத்திரியில் வண்டும் தேனீயும் கலந்துவிடும். விதைக்கு விடும் கிளையில் மொட்டிலேயே மெல்லிய துணிப்பை கட்டுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காயில் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

மொட்டைமாடி மதுரை:
நன்றி அக்கா. எந்தச் செடி என்று சொல்லாமல் ஒன்பதிலும் ஒவ்வொரு பழம் அரிந்து அம்மாவுக்குக் கொடுத்தேன். நாலாம் தொட்டியையும் ஏழாம் தொட்டியையும் சொன்னார், இரண்டுமே கரும்பச்சைக் காம்பு. ஏழாவதில் காயும் அதிகம், இலைச்சுருட்டலும் வரவில்லை. அதில் கீழ்க்கொத்தைப் பறிக்காமல் விதைக்கு விட்டிருக்கிறேன்.