குச்சிக்கிழங்குத் தழையும் எங்கள் வெள்ளாடும்: பாடத்துக்கு முன்பே பார்த்த உயிர்வேதியியல்

வாழப்பாடிப் பக்கத்திலிருந்து:

எம்.எஸ்சி. முதலாண்டு. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், எலக்ட்ரான்களை ஆக்சிஜன் வரை கைமாற்றிவிடும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியைப் பலகையில் வரைந்த ஆசிரியர், நான்காவது பெட்டியின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, "சயனைடு இங்கேதான் அடைக்கும்" என்றார். எனக்கு எங்கள் ஆட்டுப்பட்டி ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குச்சிக்கிழங்குதான். மரவள்ளி என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். கிழங்கெல்லாம் சேகோ ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகும். நான் எட்டாவது படிக்கும்போது, கிழங்கு பிடுங்கிய காட்டில் கிடந்த தழையை எங்கள் வெள்ளாடு இரண்டு மேய்ந்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் மேல்மூச்சு வாங்கியது, வாயில் நுரை தள்ளியது, ஒன்று காலை உதைத்துக்கொண்டு விழுந்தது. அம்மாயி வெல்லத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னார். கால்நடை மருத்துவர் வந்து நரம்பில் இரண்டு ஊசி போட்டார். ஒன்று பிழைத்தது, ஒன்று போய்விட்டது. செத்த ஆட்டின் இமையைப் புரட்டி, "பாரு தம்பி, எப்படிச் செவசெவன்னு இருக்கு" என்றார் அவர். மூச்சுத் திணறிச் செத்தால் நீலம் பாரிக்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

பதில் பத்து வருடம் கழித்து அந்தப் பெருக்கல் குறியில் கிடைத்தது. ஆட்டின் ரத்தத்தில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில்தான் கோளாறு. அந்த நான்காவது பெட்டியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியில் உள்ள இரும்பைச் சயனைடு பிடித்துக்கொள்ள, எலக்ட்ரான் ஆக்சிஜனைச் சேர முடிவதில்லை. உட்சவ்வைத் தாண்டிப் புரோட்டானைத் தள்ளும் வேலை நின்று, அதை நம்பியிருக்கும் ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) உற்பத்தியும் படுத்துவிடுகிறது. செலவாகாத ஆக்சிஜனோடு ரத்தம் திரும்பி வருவதால்தான் அந்தச் சிவப்பு.

ஊசி இரண்டும் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் என்று பிறகு புரிந்தது. நைட்ரைட் ஹீமோகுளோபினில் ஒரு பங்கின் இரும்பை மூன்று நேர்மின்சுமை கொண்டதாக மாற்றும். சயனைடுக்கு அந்த இரும்பு பிடிக்கும், மைட்டோகாண்ட்ரியாவை விட்டு அங்கே ஓடிவரும். தயோசல்பேட் கந்தகத்தைக் கொடுக்க, ரோடனேஸ் என்ற நொதி சயனைடைத் தயோசயனேட்டாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடும். ஒரு நொதியை அடைத்த விஷத்தை இன்னொரு நொதியை வைத்தே வெளியேற்றுகிறார்கள். பரீட்சைக்காக அந்தப் படத்தின் அம்புக்குறிகளை நான் மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது செடிதான். இவ்வளவு விஷத்தை வைத்துக்கொண்டு அது மட்டும் எப்படிப் பச்சைப்பசேலென்று நிற்கிறது? விஷமாக வைத்திருப்பதில்லை என்பதுதான் விஷயம். சயனைடைத் தனக்குள் கட்டிவைத்திருக்கும் லினமரின் என்ற சேர்மம், செல்லின் வாக்குவோல் என்ற சேமிப்புப் பைக்குள் இருக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் நொதி செல்சுவர்ப் பக்கம் இருக்கிறது. நடுவில் ஒரு சவ்வு. மென்றாலோ நசுக்கினாலோ அந்தச் சவ்வு கிழிந்து, இரண்டும் கலந்து, ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அது ஏறக்குறைய 26 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். அம்மாயி கிழங்கை மூடி போடாமல் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டியதற்கு வேறு விளக்கம் எதற்கு?

செல் என்றாலே உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைத்தான் நமக்கு முதலில் கொடுக்கிறார்கள். எதையெதைச் சேரவிடாமல் வைத்திருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்திருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். வெங்காயம் அரிந்தால் கண் எரிவதும் இதே கதைதானே.

சேலம் டவுனிலிருந்து:

உங்கள் சவ்வுக் கதையை நான் தட்டுவடை செட்டில் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட் வைத்துத் தருவது) பார்த்தேன்! சாயங்காலம் கல்லூரி முடிந்து வண்டிக்கடையில் நிற்கும்போது விரலெல்லாம் பீட்ரூட் சிவப்பு, கேரட் மட்டும் ஒட்டவே ஒட்டாது. இரண்டையும் ஒரே துருவலில்தானே துருவுகிறார்கள்? பீட்ரூட் நிறமியான பீட்டாலெய்ன் தண்ணீரில் கரையும், வாக்குவோலில் இருக்கும். துருவியதும் செல் கிழிந்து ஒழுகிவிடும். கேரட்டின் கரோட்டின் கொழுப்பில் கரைவது, தண்ணீரோடு வராது. ஆய்வகத்தில் பீட்ரூட் துண்டுகளை வெவ்வேறு சூட்டுத் தண்ணீரில் போட்டுச் சவ்வு எப்போது கசிகிறது என்று பார்க்கும் சோதனை வந்தபோது, முடிவு எனக்கு முன்பே தெரியும். அதற்காக மதிப்பெண் கூடவில்லை.

ஏற்காட்டிலிருந்து:

எங்களுக்குக் காபிதான் ஆய்வகம். அப்பா எஸ்டேட்டில் வேலை. பழத்தோலை உரித்த கொட்டையைத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். மேலே ஒட்டியிருக்கும் வழுவழுப்பு பெக்டின். நுண்ணுயிரிகளின் நொதிகள் அதைக் கரைத்துவிடும். எத்தனை மணி நேரம் என்று கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. அப்பா ஒரு கை அள்ளித் தேய்ப்பார். கரகரவென்று கூழாங்கல் மாதிரி சத்தம் வந்தால் கழுவலாம். பனிக்காலத்தில் தாமதமாகும். "குளிரில் நொதி மெதுவாகத்தான் வேலை செய்யும்ப்பா" என்று நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பெருமையோடு விளக்கினேன். அவர் இன்னொரு கை அள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் வழுக்குது, காலையில பாக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.