நம் பள்ளியின் பெயர்ப்பலகை குறித்து

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு, வணக்கம்.

பாப்பாரப்பட்டிக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் நம் ஊர்த் தொடக்கப் பள்ளியின் பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதுவதற்குத் தேவையான தொகை சேர்ந்துவிட்டது. பலகையில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களையும் பொறிக்கலாமே என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தை, பள்ளி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவுக்கே விட்டுவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சென்ற ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் சிவா என்பவர் யாரம்மா என்று கேட்டேன். "சாமி" என்றாள். 'சுப்பிரமணிய' என்னும் பகுதி மழையில் கரைந்து 'சிவா' மட்டுமே மிஞ்சியிருக்கும் பலகையின் கீழ் நின்றுகொண்டு அவள் வேறென்ன சொல்வாள்?

வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908-இல் வ.உ.சி.யுடன் கைதானவர். வ.உ.சி.க்கு முதலில் விதிக்கப்பட்ட நாற்பது ஆண்டுத் தண்டனையில் சரிபாதி, சிவாவுக்கு ஆதரவளித்த குற்றத்துக்காக என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். சிறையில் சிவாவைத் தொழுநோய் பற்றியது. பின்னர் அந்த நோயையே காரணம் காட்டி, அவர் ரயிலில் ஏறக் கூடாதென்று அரசு தடுத்தது. புண்பட்ட கால்களோடு நடந்தும் கட்டை வண்டியில் ஏறியும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய அந்த மனிதர், நண்பர்களின் உதவியால் பாப்பாரப்பட்டியில் நிலம் பெற்று, அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டார். அங்கே பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். ஆலயம் எழுவதற்குள், 1925 ஜூலை 23 அன்று, நாற்பதே வயதில் சிவா பாப்பாரப்பட்டியிலேயே மறைந்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் அரசு அங்கே பாரத மாதா நினைவாலயத்தைக் கட்டியது.

பள்ளியின் கதை எளியது. திண்ணையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகியதை என் பாட்டனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சேலம் ஜில்லா போர்டின் காலத்தில் அது நாட்டு ஓடு வேய்ந்த ஒற்றை அறையாயிற்று. 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் ஊராட்சி ஒன்றியத்தின் கைக்கு வந்தது. கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைத்துக்கொண்டு, மதிய உப்புமாவின் மணம் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருந்தது அந்த அறையில்தான். வீட்டில் களிகூட இல்லாத நாள்களில் பலரைப் பள்ளிக்கு வரவைத்தது அந்த உப்புமா.

ஆகவே, பெயரைச் சுருக்காமல் 'தியாகி சுப்பிரமணிய சிவா' என்று முழுமையாக எழுதச் சொல்வோம். அதன் கீழே, ரயிலில் ஏற விடாதபோதும் நடந்தே மக்களிடம் சென்றவர் இவர் என்பதை, ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய இரண்டு வரிகளில், அவள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுத வேண்டும். பொங்கல் விடுமுறையில் ஓவியர் வேலையைத் தொடங்குகிறார். அந்த இரு வரிகளுக்கான வாசகத்தை மார்கழி முடிவதற்குள் அனுப்பி வையுங்கள்.