புதுப்பிப்பு: 2,94,409 பகா எண்ணா? விடை கிடைத்தது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் நடத்தும் கணித வகுப்பில் எழுந்த ஐயத்தை இங்கே கேட்டிருந்தேன். 2-இன் 2,94,408-ஆம் அடுக்கை 2,94,409-ஆல் வகுத்தால் மீதி 1. 3, 5 ஆகியவற்றுக்கும் அப்படியே. பகா எண்ணாக இருந்தால், அதன் மடங்கல்லாத எந்த எண்ணை எடுத்தாலும் இப்படி மீதி 1 வரும்; இதைப் பார்ப்பதே ஃபெர்மா சோதனை. அப்படியானால் இது பகா எண்தானா என்பது கேள்வி. உதவிய அனைவருக்கும் நன்றி.

இல்லை, இது பகு எண்: 37 × 73 × 109. சிறிய பகா எண்களால் வரிசையாக வகுக்கச் சொன்னவரின் வழியிலேயே 37 அகப்பட்டது. ஆனால் காரணத்தை விளக்கியது, பகு எண் ஒன்று இப்படிப் பகா எண்போலத் தோன்றுவதற்குக் கணிதவியலாளர் கோர்செல்ட் 1899-இல் தந்த நிபந்தனையைப் பார்க்கச் சொன்ன பதில்தான். எந்தப் பகாக் காரணியும் இருமுறை வரக் கூடாது. ஒவ்வொரு காரணியிலும் 1 குறைத்தால் வரும் எண் 2,94,408-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 36, 72, 108 மூன்றும் வகுக்கின்றன. ஈவுகள் 8178, 4089, 2726. ஆகவே இது இத்தகைய பகு எண்களைக் குறிக்கும் கார்மைக்கேல் எண். இதனுடன் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை எடுத்தாலும் ஃபெர்மா சோதனை ஏமாறும்.

எதிர்பாராதது ஒன்று. 6-இன் 6, 12, 18 மடங்குகளுடன் 1 கூட்டினால் இதே மூன்று காரணிகள் வருகின்றன. 6-க்குப் பதில் 1 வைத்தால் 7 × 13 × 19, அதாவது இராமானுஜன் புகழ்பெறச் செய்த 1729! மாணவர்கள் துள்ளிவிட்டார்கள். இன்னும் அழகு, 36 × 72 × 108 சரியாக 6-இன் ஏழாம் அடுக்கு: 2,79,936.

நிரல் எழுதுவோர் ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையைப் பயன்படுத்துங்கள். அதில் அடிமானமாக (அடுக்கு ஏற்றும் எண்ணாக) 2 ஒன்றை எடுத்தாலே அது இந்த எண்ணைப் பகு எண் என்று காட்டிவிடுகிறது.