சார்பு முகவரியா, நகர்சுட்டா? விரிதாள் கலைச்சொல் குறித்து

வணக்கம்.

எக்செல் போன்ற விரிதாள்களில் ஒரு சூத்திரம் வேறொரு கலத்தைக் (cell) குறிப்பிடும் இரு முறைகளான relative reference, absolute reference ஆகியவற்றுக்குத் தமிழில் ‘சார்பு முகவரி, தனி முகவரி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ‘சார்பு’ ஏற்கெனவே function என்ற பொருளுக்குக் கைமாறிப்போன சொல். பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’. விரிதாளில் கூட்டல், சராசரி போன்றவையும் சார்புகள்தாம். ஒரே சூத்திரத்துக்குள் சார்பும் இருக்கும், சார்பு முகவரியும் இருக்கும் என்றால் படிக்கிற பிள்ளை எதைப் பிடிக்கும்?

பெயரைத் தேடுமுன் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பி நிரலில் (column) விலைகள், டி1 கலத்தில் வரிவிகிதம் 18%. சி2-இல் =பி2*டி1 என்று எழுதிக் கீழே இழுத்தால் அடுத்த கலத்தில் =பி3*டி2 ஆகிவிடும். டி2 காலி, வரி சுழியம். பி நகர்ந்தது சரி, டி நகர்ந்ததுதான் வினை. $டி$1 என்று எழுதினால் அது அங்கேயே நிற்கும். ஆக, வேறுபாடு நகலெடுக்கும்போதுதான் தெரியும். வெட்டி ஒட்டினால் இரண்டுமே மாறாது. 1979-இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளில் இந்த டாலர் குறியே கிடையாது. நகலெடுக்கும் நேரத்தில் ஒவ்வொரு முகவரிக்கும் ‘மாற்றட்டுமா, அப்படியே விடட்டுமா’ என்று கேட்கும். பின்னர் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் டாலர் குறியைச் சூத்திரத்துக்குள்ளேயே வைத்தது.

எனவே என் பரிந்துரை: பி2 போல நகர்வது நகர்சுட்டு, $டி$1 போல நிற்பது நிலைச்சுட்டு. அ, இ, உ என்று சுட்டெழுத்து படித்தவர்களுக்குச் ‘சுட்டு’ புதிதல்ல. reference என்பதற்கு ‘மேற்கோள்’ என்ற சொல்லும் உண்டு, அது நூலுக்கே இருக்கட்டும். ‘பூட்டிய முகவரி’ பேச்சுக்கு நெருக்கமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கலத்தைத் திருத்த முடியாமல் பூட்டும் வசதி தனியே இருக்கிறது, இரண்டும் குழம்பும். (கணக்கு எழுதுகிறவர்கள் எதையும் கேட்கப்போவதில்லை, ‘டாலர் போட்டியா?’ என்பார்கள்.)

ஒரு மறுப்பு வரும்: மேலே ஒரு வரியைச் செருகினால் $டி$1 கூட $டி$2 ஆகிறதே, அப்புறம் என்ன ‘நிலை’? உண்மைதான். ஆனால் அங்கே மதிப்பு இடம்பெயர்கிறது, சுட்டு அதைப் பின்தொடர்கிறது. நகர்சுட்டுக்கும் அதே கதிதான். நிலைச்சுட்டுக்குப் பதில் ‘மாறாச் சுட்டு’ வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

நிரல், நிரை இரண்டில் ஒன்று மட்டும் நிற்கும் mixed reference-க்குக் ‘கலப்புச் சுட்டு’ என்றால், அதில் எது நிற்கிறது, எது நகர்கிறது என்ற செய்தியே இல்லை. பெருக்கல் வாய்ப்பாட்டு அட்டவணையை =$ஏ2*பி$1 என்ற ஒற்றைச் சூத்திரத்தால் நிரப்பிவிடலாம். இதில் முன்னதை நிரல்நிலைச் சுட்டு, பின்னதை நிரைநிலைச் சுட்டு என்றால் பெயரிலேயே விளக்கம் வந்துவிடுகிறது. நிரை (row), நிரல் இரண்டும் அணிக் (matrix) கணக்கில் பழகியவை.

கடைசியாக, எஃப்4 விசை செய்யும் வேலை. ‘நிலைமாற்று’ (toggle) இங்கே பொருந்தாது. அது இரண்டு நிலைக்குரியது, நிலைச்சுட்டோடும் மோதும். எஃப்4 ஒவ்வோர் அழுத்தத்துக்கும் $டி$1, டி$1, $டி1, டி1 என்று நான்கையும் சுற்றி வருகிறது. பட்டியில் (menu) ‘சுட்டு வகையைச் சுழற்று’ என்று போடலாம். இடம் போதாவிட்டால் ‘சுட்டு சுழற்று’. நிரைநிலை, நிரல்நிலை இரண்டும் ஒலியில் நெருங்கி வருவது மட்டும் எனக்கு உறுத்துகிறது. இதைவிட நல்ல இணை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.