பாஸ்போர்ட் தொலைந்தது, பிறந்த ஊர் கிடைத்தது

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். நான் செவிலியர். ஓமனில் வேலை கிடைத்து, சான்றிதழ் வேலைகளுக்காகச் சென்னை போய்விட்டு இரவுப் பேருந்தில் திரும்பும்போது கைப்பை காணாமல் போனது. விழுப்புரத்தைத் தாண்டும்வரை தலைக்கு மேலே இருந்த ஞாபகம். காலையில் இறங்கும்போது இல்லை. உள்ளே பாஸ்போர்ட், நர்சிங் கவுன்சில் பதிவின் நகல், என் பிறப்புச் சான்றிதழின் அசல். மூன்றையும் ஒரே உறையில் போட்டிருந்தேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

காவல் நிலையத்தில் முதலில் கேட்டது, "திருட்டா, தொலைஞ்சதா?" யாரும் எடுத்ததை நான் பார்க்கவில்லை. தொலைந்தது என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே 'தொலைந்த ஆவண அறிக்கை' பதியலாம், எல்.டி.ஆர். என்கிறார்கள். திருடுபோனது என்று தெரிந்தால் அது செல்லாது, நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். வாங்க வேண்டும். அந்த ஏட்டம்மா பொறுமையாக விளக்கினார். நான் எல்.டி.ஆர். எடுத்தேன்.

இதுவரை சிரமமில்லை. பிரச்சினை பிறந்த தேதியில் ஆரம்பித்தது.

என் பாஸ்போர்ட் 2015-ல் எடுத்தது. அப்போதெல்லாம் 26-1-1989 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ்தான் காட்ட வேண்டும். 2016 கடைசியில்தான் பள்ளிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் போதும் என்று தளர்த்தினார்கள். எனவே என் பாஸ்போர்ட்டில் இருந்தது உண்மையான தேதி, 1991 நவம்பர். பள்ளியில் மே மாதம். ஜூனில் ஐந்து வயது நிறையவில்லை என்று சேர்க்கும்போதே தலைமையாசிரியர் ஆறு மாதம் கூட்டிப் போட்டுவிட்டார், நம்மில் எத்தனையோ பேருக்கு நடந்ததுதான். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் எல்லாம் பள்ளித் தேதியைப் பிடித்துக்கொண்டன. பழைய தேதியிலேயே பாஸ்போர்ட் வேண்டுமென்றால் அதற்கு ஒரே சாட்சி, பேருந்தில் போன அந்தத் தாள்தான்.

2015-ல் அதை எங்கே வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பா அலைந்து வாங்கி வந்தார். 2019-ல் அப்பா தவறிவிட்டார். ஆரம்பத்தில் நாங்கள் வசிக்கும் ஊரிலேயே தேடினேன். பதிவு இல்லை என்றார்கள். "வெளியில் ஒருத்தர் இருக்கார், பாருங்க" என்று ஒரு குரல். அந்த ஒருத்தர் கேட்டது ஆறாயிரம். கையில் பணம் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. இல்லை, அதனால் வீட்டுக்கு வந்தேன்.

பெரியம்மாதான் சொன்னார். "ஏண்டி, நீ இங்க எங்க பொறந்த? தலைப்பிரசவம் அம்மாச்சி வீட்டுலதானே. மன்னார்குடி பக்கம். ஐப்பசி அடைமழை, வாய்க்கால் ஒடைஞ்சு வண்டி போகல. ஆயாதான் வந்து பாத்தா." முப்பது வருடமாக அம்மாச்சி ஊருக்கு விடுமுறைக்குப் போயிருக்கிறேன், அந்த வீட்டில் பிறந்தேன் என்பது எனக்குத் தெரியாது!

பிறப்பு, பிறந்த இடத்தில்தான் பதிவாகும். அப்பாவின் ஊரில் அல்ல, ரேஷன் கார்டு இருக்கும் ஊரிலும் அல்ல. தாய்வீட்டில் பிரசவம் பார்க்கும் நம் பக்கத்தில் இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த ஊர் வி.ஏ.ஓ. இளைஞர். பழைய பதிவேடுகள் தன்னிடம் இருக்காது, சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு போடுங்கள் என்று வழி சொன்னார். அங்கே நவம்பர் பக்கங்களில் நான் இல்லை. வயிறு கலங்கிவிட்டது. எழுத்தர் ஒரு மூத்த பெண்மணி. "பொறந்த தேதி வரிசையில இருக்காதும்மா. சொல்லிப் பதிஞ்ச தேதி வரிசைதான்" என்று டிசம்பர் பக்கங்களைப் புரட்டினார். அப்பா பெயர், அம்மா பெயர், 'பெண்'. என் பெயர் மட்டும் வேறு மையில், 2015-ல் சேர்த்தது. தகவல் தந்தவர் என்ற இடத்தில் தாத்தாவின் கையெழுத்து, எழுத்துக்கூட்டி எழுதியது. நான் பிறந்ததைச் சர்க்காரிடம் சொல்ல மழைக்குள் நடந்து போயிருக்கிறார். அங்கேயே அழுதுவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார்.

நான்காம் நாள் நகல் கையில். பிறகு பாஸ்போர்ட் விண்ணப்பம்: தொலைந்ததற்கு மாற்று என்று தேர்வு செய்து, எப்படித் தொலைந்தது என்ற உறுதிமொழி (இணைப்பு எஃப்), எல்.டி.ஆர்., பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, பழைய பாஸ்போர்ட்டின் முதல் கடைசிப் பக்க நகல். கட்டணம், சாதாரணப் புதுப்பிப்புக்கு 1,500 என்றால் தொலைந்ததற்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 3,000. தட்கல் என்றால் மேலே 2,000. போலீஸ் விசாரணை மறுபடி வந்தது, புதிதாக எடுப்பவர்களுக்கு வருவது போலவே.

* * *

நான் ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. தங்கை எழுதியதில் ஒன்று சேர்க்கிறேன். அந்தக் காலப் பதிவேடுகளில் பெயர்க் கட்டம் காலியாகக் கிடக்கக் காரணம் அலட்சியம் இல்லை. பதினாறாம் நாளோ மூன்றாம் மாதமோ குலசாமி கோயிலில்தான் பெயர் வைப்பார்கள். பிறப்பை அதற்கு முன்பே வந்து சொல்லிவிடுவார்கள் (இப்போது 21 நாள் கெடு). பெயர் வைத்தபின் திரும்ப வருபவர் பத்தில் இரண்டு பேர்கூட இல்லை. சட்டப்படி, பதிந்ததிலிருந்து 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்த்துவிட வேண்டும் (பழைய பதிவுகளுக்குத் தனி அவகாசம் தந்தார்கள், அதனால்தான் தங்கையின் பெயரை 2015-ல் சேர்க்க முடிந்தது). வீட்டில் குழந்தைகளின் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள்.

பதிவே இல்லையென்றால் பதறாதீர்கள். 'பதிவு இல்லை' என்று எழுத்துமூலம் சான்று வாங்கி, கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுப் பதியலாம். நாள் பிடிக்கும், ஆனால் நடக்கும். 1-10-2023 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்று மட்டுமே செல்லும் என்று மறுபடி கட்டாயமாகிவிட்டது.

* * *

எனக்கு கோலாலம்பூர்ல போச்சுங்க. தைப்பூசத்துக்கு பத்துமலை போயிருந்தோம், கூட்டத்துல இடுப்புப் பை அறுந்துடுச்சு. போலீஸ் ரிப்போர்ட் எடுத்து நம்ம ஹைகமிஷன் போனா எமர்ஜென்சி சர்டிபிகேட் தர்றாங்க. அது பாஸ்போர்ட் இல்ல, ஒரே தடவை, இந்தியாவுக்குத் திரும்ப மட்டும். அதோட முடியல, உள்ள வந்த முத்திரை தொலைஞ்ச புத்தகத்துல இருக்கிறதால மலேசிய குடிநுழைவுத் துறைக்கும் போகணும். டிக்கெட்டை அதுக்கு முன்னாடியே மாத்தி எனக்குப் பணம் வீணாச்சு. பாஸ்போர்ட் நகலும் ரெண்டு போட்டோவும் அறையில வச்சிருந்தது என் வீட்டுக்காரி. அவ இல்லைன்னா இன்னும் நாலு நாள் ஆயிருக்கும்.

* * *

மதுரையிலிருந்து அக்கா ஒருத்தி. எங்கம்மா பாஸ்போர்ட் தொலைஞ்சதுன்னு எழுதிக் கொடுத்து புதுசும் வந்தபிறகு, பீரோவுல பட்டுச்சேலை மடிப்புல பழசு கிடைச்சது. அதுல விசா இன்னும் செல்லுதேன்னு தம்பி எடுத்துட்டுப் போகச் சொன்னான். கூடவே கூடாது. தொலைஞ்சதா அறிவிச்ச நிமிஷமே அந்த எண் ரத்து. விமான நிலையத்துல நீட்டினா மாட்டிக்குவீங்க. பாஸ்போர்ட் அலுவலகத்துல ஒப்படைச்சிட்டோம்.

* * *

தஞ்சாவூரிலிருந்து மறுபடியும். ஆதாரில் தேதி வேறாக இருந்ததே, கேட்கவில்லையா என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கேட்டார்கள். பழைய பாஸ்போர்ட்டின் நகலிலும் பிறப்புச் சான்றிலும் ஒரே தேதி என்று காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதிகாரி சொன்னது: "இதை வச்சு ஆதாரை முதல்ல திருத்துங்க. அடுத்த தடவை இவ்வளவு பேச வேண்டியிருக்காது." ஆதார் திருத்தம் முடிந்தது, பான் மனு போட்டிருக்கிறேன். வேலை கொடுத்தவர்கள் ஒரு மாதம் பொறுத்தார்கள், புதன்கிழமை மஸ்கட் விமானம். பிறப்புச் சான்றில் மூன்று நகல் கேட்டு வாங்கினேன். ஒன்று பெரியம்மா வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது.