வேலூர் மாவட்டத்தில் சூரிய ஒளி மதிப்பீடு: செயற்கைக்கோள் தரவு போதுமா?

கேள்வி (குடியாத்தம்):
எங்கள் அரிசி ஆலையின் தகரக் கூரையில் சூரிய மின்தகடுகள் அமைக்க எண்ணி, நாசாவின் ‘பவர்’ தளத்திலும் வேறொரு தளத்திலும் கதிர்வீச்சு அளவைப் பார்த்தேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டும் ஒத்துப்போகவில்லை. எதைக் கொண்டு கணக்கிடுவது?

பதில் (காட்பாடி):
ஐயா, செயற்கைக்கோள் தரையில் விழும் வெயிலை நேரடியாக அளப்பதில்லை. மேலிருந்து பார்த்தால் மேகம் வெளுப்பாகவும் தரை கருமையாகவும் தெரியும் என்பதால், ஒவ்வொரு படப்புள்ளியும் வழக்கத்தைவிட எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று கண்டு, மேகமற்ற நாளில் கிடைக்கவேண்டிய ஒளியிலிருந்து அதற்கேற்பக் கழிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையின் சிதறிய மேகங்களில்தான் ஒவ்வொரு தளமும் கணக்கிடும் முறைக்கேற்ப விடை மாறும். மேலும், பவர் தளம் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரே கதிர்வீச்சு அளவைத் தருகிறது; ஒரு கட்டம் 1 பாகை, அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 110 கி.மீ.; உங்கள் ஆலையின் வானமும் ஜவ்வாது மலையின் மேகமும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடும்.

பதில் (ராணிப்பேட்டை):
ஓராண்டுத் தரவை நம்பாதீர்கள். பத்தாண்டுச் சராசரியாவது வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் தரைநிலையங்களில் கதிர்வீச்சை அளந்துவருகிறது. அத்தகைய அளவோடு ஒப்பிட்டுத் திருத்திய தரவு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் (வாணியம்பாடி):
இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, வெப்பம்தான் சிக்கல். சிலிக்கான் தகடு, தன் வெப்பநிலை 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறனை இழக்கும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைமீது தகட்டின் வெப்பநிலை 60 டிகிரியை எட்டும். ஆலையின் உமித்தூசியையோ எந்தச் செயற்கைக்கோளும் பார்க்காது. அதற்கென உற்பத்திக் கணக்கில் தனியாக ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.